கழுதையும் கற்பூரமும்: இசை ரசனை எப்போது மேட்டிமைத்தனம் ஆகிறது?

‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?’ என்று சொல்பவர் எப்போதும் கற்பூரத்தின் பக்கம்தான் நிற்பார். தன்னைக் கழுதையின் இடத்தில் வைத்து இதைச் சொன்னவரைக் காண்பது அரிது. இசை மேட்டிமைத்தனம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. பேச்சு வாசனையைப் பற்றியது போலத் தோன்றும். ஆனால் அங்கே தீர்மானமாவது யார் கழுதை என்பதுதான்.

ஒரு பாட்டைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். ‘எனக்குப் பிடிக்கும்’ என்பது தகவல். அதை யாரும் மறுக்க முடியாது, நிரூபிக்கவும் தேவையில்லை. ‘இது நல்ல இசை’ என்பது தீர்ப்பு. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். ‘இதைக் கேட்கிற ஆள் நான்’ என்பது அடையாள அட்டை. அங்கே பேச்சு பாட்டைப் பற்றியதல்ல, நம்மைப் பற்றியது. மூன்றும் தனித்தனியாக நியாயமானவையே. அடையாள அட்டை தீர்ப்பின் வேடம் போட்டுக்கொண்டு வரும்போதுதான் மேட்டிமைத்தனம் பிறக்கிறது. ‘நான் உன்னைவிட மேல்’ என்று நேராகச் சொல்ல வாய் வராது. ‘உன் பாட்டு மட்டம்’ என்று சொல்வது எளிது.

பிடித்துப்போவது எப்படி நடக்கிறது

முதல் வகையிலிருந்து தொடங்கலாம். இசை ஓடும்போது மூளை அடுத்து என்ன வரும் என்று கணித்துக்கொண்டே இருக்கிறது. மாண்ட்ரியலில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, மெய்சிலிர்க்கும் நொடியில் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்ற வேதிப்பொருள் சுரப்பதைக் காட்டியது. அதற்குச் சில நொடிகள் முன்பே, ‘இதோ வரப்போகிறது’ என்ற எதிர்பார்ப்பிலும் மூளையின் வேறொரு பகுதியில் அது சுரக்கிறது. எதிர்பார்ப்பதற்கு அந்த இசையின் இலக்கணம் காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத இலக்கணத்தில் எதை எதிர்பார்ப்பது? பழக்கமில்லாத இசையைக் கேட்பவர்கள் ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது’ என்றும் ‘வெறும் இரைச்சல்’ என்றும் சொல்வது இதனால்தான். அதில் பொய் இல்லை. அவர்கள் காதுக்கு அது உண்மையிலேயே அப்படித்தான் கேட்கிறது.

இனிமை என்பதிலேயே பழக்கத்தின் பங்கு பெரிது. பொலிவியாவின் அமேசான் காட்டுப் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2016-ல் வெளியிட்டார்கள். மேற்கத்திய காதுக்கு இனிமையாகவும் கரகரப்பாகவும் ஒலிக்கும் இருவகைச் சுரச் சேர்க்கைகளை அவர்களிடம் போட்டுக் காட்டினார்கள். இரண்டையும் அவர்கள் ஏறக்குறைய ஒரே அளவுக்கு விரும்பினார்கள். வித்தியாசம் காதில் விழாமல் போகவில்லை. ஆனால் ஒன்று அழகு, மற்றது அவலட்சணம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

பழக்கம் விருப்பமாக மாறும் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸயோன்ஸ் 1968-ல் பரிசோதனையாகவே காட்டினார். பொருளற்ற சொற்களையும் சீன எழுத்துகள் போன்ற குறிகளையும் 25 தடவை வரை மக்கள் கண்ணில் படும்படி செய்தார். அதிகம் பார்த்தவையே நல்லவையாகப் பட்டன. ஆனால் பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பதும் உண்மை. 2004-ல் வெளியான ஒரு சோதனையில் இசைத் துணுக்குகளைக் கவனமாகக் கேட்டவர்களுக்கு 8 தடவை வரை விருப்பம் ஏறியது, 32-வது தடவை நெருங்கும்போது இறங்கிவிட்டது. வேறு வேலை பார்த்தபடி அரைக்காதால் கேட்டவர்களுக்கு மட்டும் விருப்பம் இறங்கவே இல்லை. கடைகளிலும் காத்திருப்பு அறைகளிலும் ஓடுகிற பாட்டு நமக்குத் தெரியாமலே பிடித்துப்போவதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள்.

வயதும் ஒரு கை பார்க்கிறது. 1932 முதல் 1986 வரை புகழ்பெற்ற 28 பாடல்களைப் பல வயதினரிடம் போட்டுக்காட்டிய ஆய்வு 1989-ல் வந்தது. கேட்பவருக்கு 23, 24 வயது இருந்தபோது வெளிவந்த பாடல்களுக்கே விருப்பம் உச்சத்தில் இருந்தது. துல்லியமான வயது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. பதின்வயதும் இருபதுகளும்தான் ரசனை உறையும் காலம் என்பது மாறுவதில்லை. ‘அந்தக் காலத்துப் பாட்டு போல வருமா’ என்ற வாக்கியத்தில் பாதி இசையைப் பற்றியது. மீதிப் பாதி, அப்போது நமக்கு இருந்த வயதைப் பற்றியது.

பாட்டு எப்போது அட்டையாகிறது

அந்த வயதில்தான் நாம் யார் என்ற கேள்வியும் தீவிரமாக எழுகிறது. பெற்றோர் தேர்ந்தெடுக்காத ஒன்று, செலவில்லாமல் கிடைக்கும் ஒன்று, பார்த்ததும் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கும் ஒன்று வேண்டியிருக்கிறது. இசை மூன்றுக்கும் பொருந்துகிறது. ஒருவரையொருவர் அறியாத மாணவர்களை ஆறு வாரம் உரையாடவிட்டு, எதைப் பேசிப் பழக்கமாகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அது 2006-ல் வெளியானது. திரைப்படம், புத்தகம், உடை, விளையாட்டு எல்லாவற்றையும்விட இசையே அதிகம் பேசப்பட்டது. ஒருவருக்குப் பிடித்த பத்துப் பாடல்களை மட்டும் வைத்து, புதிய அனுபவங்களை அவர் எவ்வளவு தேடுபவர் என்பதை அந்நியர்கள் ஓரளவு சரியாக ஊகித்தார்கள். ஆக, அட்டையில் கொஞ்சம் உண்மையும் அச்சாகியிருக்கிறது.

அதே 2006-ல் வந்த இன்னோர் ஆய்வு, நம் தேர்வு எவ்வளவு தூரம் நம்முடையது என்று கேட்டது. சமூகவியலாளர் மேத்யூ சால்கனிக்கும் அவருடைய சகாக்களும் 14,341 பேரை ஓர் இணையதளத்துக்கு வரவழைத்து, அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாடல் பெயர்கள் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகில் எந்தப் பாட்டை எத்தனை பேர் தரவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். பாடல்கள் எட்டு உலகிலும் ஒன்றேதான். வெற்றிப் பட்டியல்தான் ஒவ்வொன்றிலும் வேறாக இருந்தது. யாருடைய பாதிப்பும் இல்லாதவர்களிடம் 26-வது இடம் பிடித்த ஒரு பாட்டு, ஓர் உலகில் முதலிடத்துக்கும் இன்னொன்றில் 40-வது இடத்துக்கும் போனது. மிக நல்ல பாடல்கள் படுதோல்வி அடைவதும், மிக மோசமானவை ஜெயிப்பதும் அரிதாகவே நடந்தன. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்றிருந்தது. தரம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பவரும், புகழ் எல்லாம் தரத்தால் வந்தது என்பவரும் இந்த ஒரே முடிவில் தடுக்கி விழுகிறார்கள்.

மேட்டிமைத்தனம்: பழையதும் புதியதும்

‘ஸ்நாப்’ என்ற ஆங்கிலச் சொல் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செருப்புத் தைப்பவரைக் குறித்தது. பிறகு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பல்கலைக்கழகத்தைச் சேராத ஊர்க்காரர்களை அப்படி அழைத்தார்கள். ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1846-47-ல் ‘பஞ்ச்’ என்ற நகைச்சுவை இதழில் எழுதிய தொடருக்குப் பிறகுதான், மேலே இருப்பவரைப் போலப் பாவனை செய்து கீழே இருப்பவரை இகழ்பவர் என்ற இன்றைய பொருள் நிலைத்தது. மட்டமானவர் என்று பிறரைச் சுட்டிய சொல், அப்படிச் சுட்டுகிறவரையே குறிக்க வந்துவிட்டது. அகராதியில் எப்போதாவது இப்படி நீதி கிடைக்கிறது.

இதைச் சமூகவியலாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் பியர் பூர்தியு. பிரான்சில் 1963-லும் 1967-68-லும் 1,217 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து 1979-ல் தன் நூலை வெளியிட்டார். இசையமைப்பாளர் பாகின் ‘வெல்-டெம்பர்ட் கிளேவியர்’ என்ற செவ்வியல் படைப்பு பிடிக்கும் என்றவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள், கலைஞர்கள். ‘ப்ளூ டான்யூப்’ என்ற வால்ட்ஸ் நடன இசை பிடிக்கும் என்றவர்கள் பெரும்பாலும் தொழிலாளர்கள், சிறு வணிகர்கள். வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவருக்கு உயர்ரசனை பிறவியிலேயே வந்தது போலத் தோன்றுகிறது. பணம் பரம்பரையாக வந்தால் அது பரம்பரைச் சொத்து என்று எல்லாருக்கும் தெரியும். ரசனை பரம்பரையாக வரும்போது மட்டும் அதற்குத் ‘திறமை’ என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். பூர்தியு இதைப் பண்பாட்டு மூலதனம் என்றார்.

எது உயர்ந்தது என்ற பட்டியலும் நிற்பதில்லை. 1816-ல் லண்டன் ‘தி டைம்ஸ்’ வால்ட்ஸை அநாகரிகமான அந்நிய நடனம் என்று தாக்கி எழுதியது. பூர்தியுவின் காலத்தில் ஒரு வால்ட்ஸ் சாமானியர் ரசனையின் அடையாளம். இன்று அதே ‘ப்ளூ டான்யூப்’ ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று வியன்னாவில் மிகுந்த சம்பிரதாயத்துடன் வாசிக்கப்படுகிறது. மேற்கத்தியச் செவ்வியல் கச்சேரிகளில் நடந்துகொள்ளும் முறையும் இப்படித்தான். பகுதிகளுக்கு இடையில் கைதட்டுபவரை இன்று முறைக்கிறார்கள். 1778-ல் பாரிஸில் தன் சிம்பொனி அரங்கேறியபோது முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கையிலேயே கைதட்டல் எழுந்ததை மோட்சார்ட் தன் தந்தைக்கு மகிழ்ச்சியோடு எழுதினார். இந்தக் கைதட்டலை எதிர்பார்த்தே அந்த இடத்தை அமைத்திருந்தார். இன்று முறைப்பவர்கள் அன்று அந்த அரங்கில் இருந்திருந்தால் மோட்சார்ட் மனம் நொந்திருப்பார்.

1990-களில் இந்தக் கதை வேறு திசையில் திரும்பியது. சமூகவியலாளர்கள் ரிச்சர்ட் பீட்டர்சனும் ரோஜர் கெர்னும் அமெரிக்காவில் 1982, 1992 ஆண்டுகளின் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 1996-ல் எழுதினார்கள். உயர்ரசனைக்காரர்கள் உயர்ந்ததை மட்டும் கேட்பது குறைந்து, எல்லா வகையையும் கேட்பவர்களாக, அனைத்துண்ணிகளாக, மாறிக்கொண்டிருந்தார்கள். மேட்டிமை ஒழிந்ததா என்றால் அதுதான் இல்லை. இன்னொரு சமூகவியலாளர் பெத்தனி பிரைசன் அதே ஆண்டு இன்னொன்றைக் கண்டார். 1993-ன் கணக்கெடுப்பில் 18 இசை வகைகளைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். படிப்பு கூடக்கூட ‘பிடிக்காது’ என்று சொல்லும் வகைகள் குறைந்தன. ஆனால் சகிப்புத்தன்மை மிக்கவர்களும் விலக்கிவைத்தவை ராப், ஹெவி மெட்டல், கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை, காஸ்பெல் என்ற கிறிஸ்தவப் பக்தி இசை. இந்த நான்கின் கேட்பாளர்கள்தான் மற்ற எல்லா வகைகளையும்விடக் குறைவாகப் படித்தவர்கள். ‘நான் எல்லாம் கேட்பேன், அது ஒன்றைத் தவிர’ என்று யாராவது சொன்னால், அந்த ‘ஒன்று’ யாருடைய இசை என்று பாருங்கள். மூளை எடுத்த தீர்ப்பா, வர்க்கம் எடுத்த தீர்ப்பா என்பது அங்கே தெரியும்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘புகழ் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும்’ என்பவர், கடினமாக இருப்பதாலேயே ஆழமானது என்று நம்புபவர், கருவியின் விலையைக் காதின் தரமாக எண்ணுபவர். இவர்கள் எல்லாம் எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவர்கள். கண்ணுக்குத் தப்புவது தலைகீழ் மேட்டிமை. ‘இதெல்லாம் அறிவாளிகளின் பாவனை, யாருக்கும் உண்மையில் பிடிக்காது’ என்பதும் அடையாள அட்டைதான், தாளின் நிறம் மட்டும் வேறு.

பெயர் செய்யும் வேலை

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இசையில் இதற்கு நல்ல சாட்சி ஃபிரிட்ஸ் கிரைஸ்லர். இந்த வயலின் மேதை பல ஆண்டுகளாக புன்யானி, கூப்ரான் முதலிய பழைய மேதைகளின் மறைந்துபோன படைப்புகள் என்று சொல்லிச் சில துண்டுகளை வாசித்துவந்தார். 1935-ல் அவை தானே எழுதியவை என்று ஒப்புக்கொண்டார். விமர்சகர் எர்னஸ்ட் நியூமன் கொதித்துப்போனார். பெயர்தானே மாறியது, இசையின் மதிப்பு மாறவில்லையே என்பது கிரைஸ்லரின் பதில். விடைகொடுப்பது கடினமான கேள்வி. ஒரு சுரம்கூட மாறவில்லை, ஆனால் பலருக்கு அந்த இசை ஒரே நாளில் சிறுத்துவிட்டது.

வாசிப்பவர்களும் விலக்கல்ல. 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்களின் கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி, மங்கலான அறையில் ஆறு வயலின்களைக் கொடுத்தார்கள். மூன்று புதியவை. மற்ற மூன்றும் புகழ்பெற்ற பழைய இத்தாலிய வயலின்கள்: இரண்டு ஸ்ட்ராடிவாரியஸ், ஒன்று குவார்னேரி. பழைய மரத்தின் வாடை காட்டிக்கொடுக்காமல் இருக்க, தாடை வைக்கும் இடத்தில் வாசனைத் திரவியம்கூடத் தடவியிருந்தார்கள். பெரும்பாலோர் வீட்டுக்கு எடுத்துப்போகத் தேர்ந்தெடுத்தது புதிய வயலினை. ஆகக் குறைந்த ஆதரவு பெற்றது ஒரு ஸ்ட்ராடிவாரியஸ்.

அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா?

இங்கே பலர் அவசரமாக மறுகரைக்குத் தாவுகிறார்கள்: ‘தரம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை, எல்லாம் அவரவர் ரசனை’. இது பணிவு போலத் தெரிந்தாலும் சோம்பல்தான். 1757-ல் தத்துவஞானி டேவிட் ஹியூம் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில் ‘டான் கிஹோத்தே’ நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். ஒரு பீப்பாய் மதுவை இருவர் சுவைக்கிறார்கள். நன்று, ஆனால் லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார் ஒருவர். இரும்பின் சுவை தெரிகிறது என்கிறார் மற்றவர். எல்லாரும் சிரிக்கிறார்கள். பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் தோல் வாரில் கட்டிய பழைய சாவி ஒன்று கிடக்கிறது.

தேர்ந்த காதுக்கும் போலிக் காதுக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சாவிதான். ‘தாளக்காரர் மூன்றாவது சுற்றில் விரைகிறார்’, ‘பாடகர் உச்ச சுரத்தைச் சற்றுக் கீழே பிடிக்கிறார்’, ‘இந்த இடத்தில் பேஸ் கிட்டார் நின்றுவிட்டதால்தான் அடுத்த வரி கனக்கிறது’ என்றெல்லாம் சொன்னால் யார் வேண்டுமானாலும் திரும்பப் போட்டுச் சரிபார்க்கலாம். பீப்பாயைக் கவிழ்க்கலாம். ‘ஆழமில்லை’, ‘ஆன்மா இல்லை’, ‘புரியாதவர்களுக்குச் சொல்லி என்ன பயன்’ என்பவற்றில் கவிழ்க்கப் பீப்பாயே இல்லை. இசை தெரிந்தவர் கறாராகப் பேசுவது மேட்டிமை ஆகாது. சரிபார்க்க வழி தராமல் கறாராகப் பேசுவதுதான் மேட்டிமை.

நம்மையே சோதிக்க

பெயர் நம் காதில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஒரு நண்பரின் உதவியோடு அளந்துவிடலாம். அவர் 12 துணுக்குகளைத் தேர்ந்தெடுக்கட்டும், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். நீங்கள் மதிக்கும் வகையிலிருந்து நான்கு, மட்டம் என்று நினைக்கும் வகையிலிருந்து நான்கு, அறிமுகமே இல்லாத வகையிலிருந்து நான்கு. பெயர் சொல்லாமல் போட்டு, பத்துக்கு மதிப்பெண் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து வரிசையை மாற்றி மறுபடி கேளுங்கள். இந்த முறை எட்டுத் துணுக்குகளுக்கு மட்டும் கலைஞர் பெயரும் வகையும் தெரியட்டும், மீதி நான்கும் பெயரில்லாமலே ஓடட்டும். பெயரில்லாத நான்கும் கட்டாயம் வேண்டும். மனநிலையால் மட்டுமே மதிப்பெண் எவ்வளவு ஆடுகிறது என்பதை அவைதான் காட்டும். அவை ஒரு புள்ளி ஆடியிருந்தால், மற்றவற்றில் ஒரு புள்ளி மாற்றத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மூன்று புள்ளி ஏறியிருந்தால் அது பெயருக்குக் கிடைத்த மதிப்பெண்.

இந்தச் சோதனை பிசகும் இடங்கள் தெரிந்தவையே. முதல் எதிரி ஒலியளவு. ஒரு டெசிபெல் கூடினாலே நமக்கு அது ‘சத்தமாக’த் தெரியாது, ‘தெளிவாக’த் தெரியும். ஒலிபரப்புச் செயலியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியை முடுக்கிவிட்டுத் தொடங்குங்கள். குரல் அடையாளம் தெரிந்துவிட்டால் அந்தத் துணுக்கைக் கழித்துவிடுங்கள், தெரியாதது போல நடிக்க முடியாது. மெதுவாக வளரும் இசைக்கு ஒரு நிமிடம் அநியாயம். அதற்கு நான்கு நிமிடமாவது கொடுங்கள். நண்பரின் முகத்தைப் பார்க்காமல் உட்காருவதும் நல்லது.

ஒலித்தரம் பற்றி வாதிடுபவர்களுக்கு இன்னும் கறாரான முறை இருக்கிறது. சுருக்கிய கோப்பு, சுருக்காத கோப்பு இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்து, எது எது என்று பத்து முறை சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே சராசரியாக ஐந்து விடை சரியாக வந்துவிடும். எட்டோ அதற்கு மேலோ தற்செயலாக வரும் வாய்ப்பு சுமார் 5.5 சதவீதம்; ஒன்பதோ பத்தோ வரும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம். ஒன்பதுக்குக் கீழே எடுத்தவர் அன்றைக்கு வாதத்தை நிறுத்திக்கொள்வதே முறை.

பிடிக்காத வகைக்கு நியாயம் செய்ய விரும்பினால் அந்த வகையை நேசிக்கும் ஒருவரிடம் மூன்று படைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். எந்தச் செயலியின் ‘சிறந்த பாடல்கள்’ பட்டியலும் வேண்டாம், அது சராசரியைத்தான் தரும். மூன்று வாரத்தில் ஒவ்வொன்றையும் ஆறு தடவை, நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் போகாமல் கேளுங்கள். முதல் இரண்டு தடவையில் தீர்ப்பு எழுத வேண்டாம், காது இலக்கணம் படித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது தடவை ஒரே ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். ஆறு முடிந்தும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். எந்த இடத்தில், எதனால் என்று அப்போது சொல்ல முடியும். இசையே இன்பம் தராத ஒரு சிறு பங்கினரும் உண்டு, அவர்களுக்கு மற்ற இன்பங்களில் குறை எதுவும் இல்லை. அவர்களையும் யாரும் கழுதையாக்கத் தேவையில்லை.

ஒளித்து ரசிக்கும் பாட்டு யாரிடமாவது இருக்கும். விருந்தாளி வந்ததும் மாற்றிவிடுகிற பாட்டு. அது பிடிக்கிறது என்பது முதல் வகை வாக்கியம், வெட்கம் மூன்றாவது வகையிலிருந்து வருகிறது. மாற்றுவதற்கு முன் வெட்கம் யாரை நினைத்து வந்தது என்று ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட முகம் நினைவுக்கு வரும்.

அடுத்தவருடைய பாட்டைப் பற்றிப் பேசும்போது ‘இது ஏன் உனக்குப் பிடிக்கிறது?’ என்று கேட்டால் விசாரணை போல இருக்கும், அவர் அட்டையை எடுத்து நீட்டிவிடுவார். ‘எந்த இடம் பிடிக்கும்?’ என்று கேளுங்கள். ‘இரண்டு நிமிடம் பத்து நொடியில் குரல் தனியாக நிற்குமே, அது’ என்று சொல்வார். உடனே இரண்டாவது நிமிடத்துக்குத் தாவிவிடாதீர்கள். எதிர்பார்ப்பு சேர வேண்டும். ஒன்றரை நிமிடத்திலிருந்தாவது போட்டுக் கேளுங்கள்.